கொட்டிலில் நிற்கும் ஒஸ்ரின் என்ன மாடல்? யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களில் ஒருவராவது கொக்குவிலில் இருக்கும் எங்கள் கராஜின் படலையைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். தொலைபேசியில் ஒரு படம் வைத்திருப்பார். தறப்பாள் போர்த்திய கார், நான்கு சில்லிலும் காற்றில்லை, பொனற்றின் மேல் பூவரசஞ் சருகு. "அண்ணை, இது அப்பப்பாவின்ர கார். என்ன மாடல்? திரும்ப ஓடுமா?" அப்பா இருந்தவரை அவர்தான் பதில் சொல்வார். இப்போது நான் சொல்கிறேன். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் தெரிந்ததை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அதிகம் மிஞ்சியிருப்பவை இங்கிலாந்துக் கார்களான ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும்தான், ஆகவே பேச்சும் அவற்றைப் பற்றித்தான்.

எல்லோரும் ஏ40ஐ "ஏ போட்டி" என்கிறார்கள். ஏ40 என்பது ஒரே காரா?

இல்லை. வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஒஸ்ரின் நிறுவனம் ஏ40 என்ற பெயரில் குறைந்தது நான்கு வெவ்வேறு கார்களை விட்டது. 1947இல் டெவன் வந்தது. அதற்கு நான்கு கதவு, அதே காரை இரண்டு கதவோடு செய்தால் டோர்செற். 1952இல் சோமசெற். 1954இல் கேம்பிறிஜ். 1958இல் பரினா. முதல் மூன்றிலும் எஞ்சின் 1200 சி.சி. பரினாவோ அளவில் சிறியது, 948 சி.சி. எஞ்சினோடு தொடங்கியது, இத்தாலியப் பட்டறை ஒன்று வரைந்த பெட்டி வடிவம். "ஏ போட்டிக்கு கஸ்கற் வேணும்" என்று மட்டும் சொல்லிக் கடைக்குப் போனால் வேறு காரின் கஸ்கற்றோடுதான் வீட்டுக்கு வருவீர்கள். டெவனா, சோமசெற்றா என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த இலக்கங்களுக்கும் பெயர்களுக்கும் என்ன பொருள்?

இலக்கம் குத்துமதிப்பான குதிரைவலு. ஏ40 என்றால் ஏறத்தாழ 40, ஏ50 என்றால் 50. டெவன், டோர்செற், சோமசெற் மூன்றும் இங்கிலாந்தின் தென்மேற்கு மாவட்டங்கள்.

டெவனா சோமசெற்றா என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா?

முடியும். டெவன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். முன் மட்காட் தனியாகத் துருத்திக்கொண்டு, கதவுக்கு முன்னாலேயே இறங்கி முடியும். சோமசெற்றில் அந்த மட்காட்டின் வளைவு அப்படியே கதவுக்குள் ஓடிப்போகும். முழுக்காரும் ஊதிவைத்த மாதிரி உருண்டையாக இருக்கும். உள்ளே பார்த்தால் சோமசெற்றின் கியர்த்தடி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். டெவனில் பெரும்பாலும் அது தரையிலிருந்து எழும்பும், கடைசியாக வந்த டெவன்களில் மட்டும் மேலே போய்விட்டது.

சந்தேகமிருந்தால் பொனற்றைத் திறந்து செசி (காரின் அடிச்சட்டம்) இலக்கத் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். ஜி.எஸ்.2 என்று தொடங்கினால் டெவன், ஜி.எஸ்.4 என்றால் சோமசெற். துடைக்கும்போது உப்புத்தாள் வேண்டாம். மண்ணெண்ணெய் நனைத்த பழைய சாரத் துண்டு போதும். அந்தத் தகட்டின் எழுத்து ஆழமில்லாதது, தேய்த்தால் போய்விடும். அப்படிப் போன தகடு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பத்திரம் இல்லாத அந்தக் காருக்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான்.

சோமசெற் மாதிரியே இருக்கிறது, ஆனால் அதைவிடப் பெரிது என்றால் அது ஏ70 ஹெறபோர்ட். இரண்டுக்கும் கதவுகள் ஒன்றே. எஞ்சின் மட்டும் 2199 சி.சி.

சின்ன ஒஸ்ரின் வைத்திருந்தோம். அது ஏ30ஆ, ஏ35ஆ?

பின் கண்ணாடியைப் பாருங்கள். சிறியதாக இருந்தால் ஏ30, இரு பக்கமும் வளைந்து அகன்றிருந்தால் ஏ35. ஏ30 வெளிவந்தது 1951இல், எஞ்சின் 803 சி.சி. ஏ35 1956இல் வந்தது, 948 சி.சி. ஏ30இல் கதவுத் தூணிலிருந்து கை மாதிரி ஒரு துண்டு வெளியே நீண்டு திரும்பும் திசையைக் காட்டும். ஏ35இல் மினுக்கும் விளக்கு வந்துவிட்டது.

இந்தச் சிறிய காரைப் பற்றி இன்னும் இரண்டு விடயம் சொல்ல வேண்டும். டெவனிலும் சோமசெற்றிலும் அடியில் தனிச் செசி ஒன்று உண்டு, அதன் மேல்தான் உடல் இருக்கும். ஏ30இல் தனிச் செசி இல்லை, தகர உடலே எலும்புக்கூடு. ஆகவே ஏ30இன் படியடித் தகரம் துருப்பிடித்தால் அதை அழகுக் குறையாக எடுக்கக்கூடாது, காரின் முதுகெலும்பே போகிறது என்று எடுக்க வேண்டும். இரண்டாவது, அந்த 803 சி.சி. எஞ்சினில் தொடங்கிய 'ஏ' வரிசை எஞ்சின்கள் 2000ஆம் ஆண்டுவரை, மினி கார் நிற்கும்வரை, செய்யப்பட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு. ஏ35 வைத்திருப்பவர் பாகத்துக்குப் பயப்படவே தேவையில்லை.

மொறிஸ் மைனரின் வயதை எப்படிக் கணிப்பது?

முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருந்தால் 1956க்கு முந்தியது, ஒரே கண்ணாடியாக வளைந்திருந்தால் அதற்குப் பிந்தியது. முன்விளக்குகள் மட்காட்டில் இல்லாமல் கீழே கிறில்லுக்குள் இருந்தால் அது முதன்முதலில் வந்த வகை, மிகவும் அரிது, தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். எஞ்சின் 918, 803, 948, 1098 சி.சி. என்று நான்கு வகையாக வந்தது.

அதன் பொனற்றின் நடுவில் நீளமாக ஒரு மேடு ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1948இல் அது வெளிவருவதற்குச் சற்று முன் ஒடுக்கமாக இருக்கிறதென்று மாதிரிக் காரை நெடுக்காக வெட்டி, 4 அங்குலம் அகலப்படுத்தினார். அந்த 4 அங்குலம்தான் மேடாகத் தெரிகிறது. பின்சீற்றில் மூன்று பேர் இடிபடாமல் கோயிலுக்குப் போய்வந்தது அதனால்தான்.

ஏன் யாழ்ப்பாணத்தில் இவ்வளவு பழைய கார்கள்?

புதுக் கார்கள் வரும் கதவு இரண்டு தரம் சாத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியா வெளிநாட்டு நாணயம் தேடிக் கார்களைக் கப்பலேற்றியது, எங்கள் வீதிகளும் இடப்பக்கம் ஓடுபவை என்பதால் அவை இங்கே தாராளமாக வந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விழுந்தது. அன்றிலிருந்து 1977வரை இலங்கை முழுவதுமே இருக்கிற காரைக் காப்பாற்றி ஓட்டியது. அதன்பிறகு தெற்கில் யப்பான் கார்கள் வந்து பழையவற்றை ஓரங்கட்டின. எங்களுக்கு 1990இல் மறுபடியும் கதவு சாத்தப்பட்டது. எங்களைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடியது, எரிபொருளும் பற்றறியும் சீமெந்தும் தடை. 2002இல்தான் அந்த வீதி திறந்தது, 2006இல் திரும்பவும் மூடியது.

தரையும் உதவியது என்பது என் எண்ணம். குடாநாட்டில் மலை என்று ஒன்றில்லை. 40 குதிரைவலு காங்கேசன்துறையிலிருந்து பண்ணைவரை போக எப்போதும் போதும். ஆனால் பெரிய காரணம் கைகள். லேத் ஒன்றும் வெல்டிங் ஒன்றும் இருந்தால் இந்தக் கார்களில் செய்ய முடியாத வேலை குறைவு. ஏக்கத்துக்காக யாரும் இவற்றை வைத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக, வெங்காயம் ஏற்ற, பொம்பிளை மாப்பிள்ளையைக் கூட்டிவர வேறு வாகனம் இருக்கவில்லை.

உண்மையிலேயே மண்ணெண்ணெயில் ஓடினவா?

ஓடின. நம்பாதவர்கள் இன்னும் கேட்கிறார்கள், ஆகவே எப்படி என்று சொல்கிறேன்.

பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்து அமுக்கப்படும். கூட அமுக்கினால் மண்ணெண்ணெய் நேரம் வருமுன்பே தானாக வெடித்து எஞ்சினை அடிக்கும். சோமசெற்றும் ஏ30உம் 7.2க்கு 1 என்ற அளவில்தான் அமுக்குகின்றன, அந்தக் காலத்துத் தரங்குறைந்த பெற்றோலுக்காகச் செய்தவை. அதனால் பற்றவைக்கும் நேரத்தைச் சற்றுப் பிந்தவைத்தால் மண்ணெண்ணெயைத் தாங்கும். இரண்டாவது தடை, குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இந்த எஞ்சின்களில் உள்ளே இழுக்கும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருப்பதால் அந்தச் சூடு எரிபொருளுக்குக் கிடைத்துவிடும். இங்கிலாந்தில் உழவு இயந்திரங்களை இதே முறையில் தொழிற்சாலையிலேயே இரண்டு தாங்கியோடு செய்து விற்றார்கள். எங்கள் ஆட்கள் அதைச் சேலைன் குழாயை வைத்துச் செய்தார்கள்.

அப்பாவின் சோமசெற்றில் பொனற்றுக்குக் கீழே ஒரு சின்னப் போத்தல் கம்பியால் கட்டியிருந்தது. அதற்குள் பெற்றோல், அரைப் போத்தலுக்கு மேல் நான் கண்டதில்லை. காலையில் அப்பா காற்று வடிகட்டியைக் கழற்றி, மருந்து கொடுக்கிற மாதிரி கார்பரேற்றர் வாய்க்குள் சில துளி விடுவார். முன்பக்கம் போட்டுச் சுழற்றும் ஹாண்டிலில் ஒரு சுற்று. பிடித்துக்கொள்ளும். ஒரு கையால் குழாயை நசித்துத் துளியை அளந்தபடி, மற்றக் கையை றேடியேற்றர் தலையில் வைத்துச் சூடு பார்ப்பார். கை வைத்திருக்க முடியாத அளவு சுட்டதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார். எஞ்சின் இரண்டு மூன்று தரம் இருமும், பின்னாலே வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிறையும், பிறகு சீராகிவிடும். நிறுத்துவதற்கு முன் மறுபடியும் ஒரு நிமிடம் பெற்றோல், அப்போதுதான் அடுத்த தடவை கார்பரேற்றருக்குள் பெற்றோல் இருக்கும். அதை மறந்தால் பிளக் நான்கையும் கழற்றிக் காயவைக்க வேண்டும்.

இதற்கு எஞ்சின் கொடுத்த விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரமாக வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்துவிடும், ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகும். வால்வில் கரி கட்டும். எஞ்சினின் தலையைக் கழற்றிச் சுரண்டுவது எங்கள் கராஜில் மாதாமாதம் நடந்த வேலை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கியதால், வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் அந்தக் காரில்தான் வெளிக்கிட்டோம். முன்சீற்றில் அப்பம்மா, பின்னால் நாங்கள் பிள்ளைகளும் அரிசி மூட்டையும். செம்மணியிலிருந்து நாவற்குழிப் பாலம்வரை சனத்துக்கு நடுவே கார் நகரவே முடியவில்லை. முதல் கியரில் நின்று நின்று போனதில் றேடியேற்றர் கொதித்தது. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளத் தொடங்கினார். முன்பின் தெரியாத ஆட்கள் பின்னால் கை கொடுத்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. அம்மா சோற்றுச் சட்டியை வெளியே நீட்டி மழைத்தண்ணீர் பிடித்தார், அதைத்தான் றேடியேற்றருக்கு ஊற்றினோம். கைதடிக்குப் போய்ச் சேரும்போது விடிந்திருந்தது. இப்போதும் அதே கார்தான் என்னிடம் நிற்கிறது.

இப்போதும் மண்ணெண்ணெயில் ஓட்டலாமா?

வேண்டாம். அது வேறு வழியில்லாத காலத்து வேலை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது பழைய மலிவும் போய்விட்டது. அதோடு அது மீன்பிடிப் படகுகளுக்கு வேண்டிய எரிபொருள்.

பதிவிலக்கத் தகட்டில் ஸ்ரீ இல்லை, ஈ.என். என்று இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

மாற்றவே வேண்டாம். சி.என்., சி.எல்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. எல்லாம் 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளிலிருந்து எடுத்தவை, ஸ்ரீக்கு முந்தியவை. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது இங்கே அதற்கெதிராகப் பெரிய போராட்டமே நடந்தது, தகடுகளில் தார் பூசினார்கள். ஆகவே உங்கள் காரின் தகடும் ஊர் வரலாற்றில் ஒரு துண்டு. பெயின்ற் அடிப்பவர் புதுத் தகடு போட்டுத் தருகிறேன் என்றால் பழையதைத் திரும்ப வாங்கி வையுங்கள்.

இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் வீட்டில் தேடுங்கள். ட்றங்குப் பெட்டியின் அடியில், காணி உறுதிகளுக்கு நடுவே, பழைய காப்புறுதித் துண்டோ வரிப் பத்திரமோ இருக்கும். இல்லையென்றால் பதிவிலக்கம், செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் மூன்றையும் எழுதிக்கொண்டு கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரம் கேட்கலாம். அப்பப்பா பெயரிலேயே இருந்தால் உரிமை மாற்றத்துக்குச் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். சகோதரங்கள் மூன்று நாட்டில் இருந்தால் எல்லோருடைய சம்மதமும் தேவைப்படும். அதை முடித்துவிட்டுப் பெயின்றுக்குக் காசு செலவழியுங்கள், முந்தி வேண்டாம்.

உதிரிப்பாகம் கிடைக்குமா?

மொறிஸ் மைனருக்கும் ஏ35க்கும் தாராளம். மைனரின் உடற்பாகங்கள் ஒரு காலத்தில் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. சோமசெற்றுக்கு எஞ்சின் பாகம் தேடலாம், ஆனால் விளக்கு வளையம், கதவுப் பிடி, பொனற்றின் மேல் பறக்கும் 'ஏ' எழுத்து போன்றவை கிடைப்பது கஷ்டம். காரைக் கழற்றும்போது இவற்றை ஒரு பெட்டியில் போட்டு, கராஜில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சொல்வதற்குச் சங்கடம்தான், ஆனால் கராஜில் வைத்த பொருள் நடந்துபோகும்.

ஸ்பனர் பற்றியும் ஒரு வார்த்தை. இவை அங்குலக் கணக்குக் கார்கள். மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டு நெரித்தால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும், பிறகு உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வெயிலுக்குக் கார் கொதிக்கிறது. றேடியேற்றர் மாற்றலாமா?

மாற்றுவதற்கு முன் எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் றேடியேற்றர் குழாய்களுக்குள்ளும் எஞ்சின் சுவருக்குள்ளும் படிகிறது. பல வருடம் கிணற்றுத் தண்ணீர் குடித்த றேடியேற்றரைக் கழற்றித் தூக்கிப் பாருங்கள், பாரத்திலேயே தெரியும். கழுவி எடுத்து, மழைத்தண்ணீரோ குளிர்விப்புத் திரவமோ ஊற்றுங்கள். முக்கால்வாசிக் கார்கள் அதோடு சரிவரும்.

மொறிஸ் மைனர் வெயிலில் நின்றுபோனால் முதலில் பெற்றோல் பம்பைக் கவனியுங்கள். அது மின்சாரத்தில் வேலை செய்வது, சாவி போட்டதும் டிக் டிக் என்று கேட்கும். சத்தமில்லையென்றால் ஸ்பனர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். தட்டிச் சரிவந்தால் பொயின்ற் தேய்ந்திருக்கிறது, அந்த வாரமே மாற்றுங்கள்.

பற்றறி போடும்போது கவனிக்க ஏதாவது?

இதை மறக்காதீர்கள்: இந்தக் கார்களில் பிளஸ் முனைதான் உடலோடு இணைகிறது. இன்றைய காருக்கு நேர் எதிர். எங்கள் காருக்கு ஒரு கடையில் புதுப் பற்றறி போட்டபோது அந்தப் பெடியன் வழக்கப்படி மைனஸை உடலில் கொடுத்துவிட்டான். நான் பக்கத்தில் நின்றும் பார்க்கவில்லை. அப்பா ஆசையாகப் பொருத்திய றேடியோ எரிந்துபோனது. இப்போது பற்றறித் தட்டிலேயே சிவப்புப் பெயின்ற்றால் கூட்டல் குறி போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் போடுங்கள்.

டீசல் எஞ்சின் மாற்றிப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

ஹயர் ஓடிப் பிழைத்தவர்கள் போட்டார்கள், அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏ60 கேம்பிறிஜுக்கு ஒஸ்ரினே டீசல் எஞ்சின் கொடுத்தது. ஆனால் மாதத்துக்கு இரண்டு தரம் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் எடுக்கப்போகிற சோமசெற்றுக்கு எதற்கு? பாரமான எஞ்சினுக்காகக் குறுக்குச் சட்டத்தை வெட்டுவார்கள், பிறேக் தாங்காது, அசல் எஞ்சின் பழைய இரும்புக்குப் போய்விடும். அப்பப்பா ஓட்டிய எஞ்சின் பழுதென்றால் சிலிண்டர் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து புதுப் பிஸ்ரன் போடலாம். அதுதான் என் முடிவான கருத்து.

பல வருடம் நின்ற காரை முதல்தடவை எப்படி ஸ்ராட் செய்வது?

அவசரப்பட்டுப் பற்றறி கொடுத்துச் சுழற்றாதீர்கள். கட்டி இழுத்து ஸ்ராட் செய்யவும் வேண்டாம். பிளக் நான்கையும் கழற்றி ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு கரண்டி ஒயில் விட்டு மூன்று நாள் விடுங்கள். பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும், தாங்கியைக் கழற்றிக் கழுவுங்கள். எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள். பிறேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும், அவற்றைப் பார்க்காமல் ஓட்டவே கூடாது. எலி கடித்த வயர்களையும் பாருங்கள்.

நான்காம் நாள், பிளக் இல்லாமலே, ஹாண்டிலைப் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இறுக்கமாக நின்றால் பலம் கொடுக்காமல் இன்னும் ஒயில் விட்டுக் காத்திருங்கள். சுழலத் தொடங்கினால் பிளக் போட்டு, பெற்றோல் விட்டு, சாவியைத் திருப்பி, இந்தமுறை உண்மையாகச் சுற்றலாம். ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களின் பக்கத்திலேயே வையுங்கள், சுற்றிப் பிடிக்காதீர்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் அந்தப் பெருவிரலும் மணிக்கட்டும்தான் முதலில் போகும். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து கீழே அமுக்க வேண்டாம்.